மீதிப் பணம் வரும் வரை

(நார்த்தாமலையில் நடந்த முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம், "நீ இந்த ஊர்க்காரன், ஏதாவது உபயோகமாப் பேசு, கவிதை மட்டும் வேண்டாம்" என்றார். கவிதை எனக்கும் வராது. சிவில் படித்தவன், கட்டட வேலை பார்க்கிறவன். அதனால் நிலத்தைப் பற்றியே பேசுகிறேன். குறிப்பாக, நிலத்தைத் தவணைக்கு விற்பது பற்றி. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு ஊரில் அப்பா பேரிலோ தாத்தா பேரிலோ கொஞ்சம் நிலம் இருக்கும். வேலை சென்னையில், சிங்கப்பூரில், துபாயில். என்றாவது ஒருநாள் அதை விற்கத்தான் போகிறீர்கள். வாங்குகிறவர் வந்து, "இப்ப பாதி தர்றேன், மீதியைக் கொஞ்சம் கொஞ்சமா அடைச்சிடறேன்" என்பார். அப்போது இன்று நான் சொல்வது ஞாபகம் வந்தால் போதும்.

இன்று காலையில் எல்லோரும் மேலமலை ஏறி விஜயாலய சோழீச்சுரம் பார்த்துவிட்டு வந்தீர்கள். சோழர் காலத்தில் இந்த ஊர் பெரிய வணிகத் தலம். நானாதேசத் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவுக்கு இங்கே தொடர்பு உண்டு. நகரத்தார் மலை என்பதுதான் நார்த்தாமலை ஆயிற்று என்று சொல்கிறார்கள், நாரதர் மலை என்று சொல்பவர்களும் உண்டு. எது எப்படியோ, இது வாங்கவும் விற்கவும் தெரிந்தவர்களின் ஊர். சோழர், பாண்டியர் காலத்து நிலவிலைக் கல்வெட்டுகளில் ஒரு சொற்றொடர் திரும்பத் திரும்ப வரும்: 'பொருள் மாவறுதிப் பொருட்செலவோலை'. விலை ஓலையும் இதுவே, பணம் முழுவதும் செலுத்தியாயிற்று என்பதற்கான ரசீதும் இதுவே என்பது அதன் கருத்து. நிலத்தை விற்ற ஓலை ஒன்று, பணம் பெற்ற ஓலை வேறொன்று என்று பிறகு யாரும் வழக்குப் பேச முடியாதபடி, இரண்டையும் ஒரே எழுத்தில் முடித்துவிட்டார்கள்.

இன்றைய கிரையப் பத்திரமும் அப்படித்தான். "கிரையத் தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டபடியால்" என்ற வரி எந்தப் பத்திரத்திலும் இருக்கும். அதில் கையெழுத்துப் போடுகிறவர் நிலத்தை மட்டும் கொடுக்கவில்லை, ரசீதும் கொடுக்கிறார். இந்த ஒரு விஷயம் தெரியாமல் எங்கள் வீடு பட்ட பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2012ம் வருடம். நான் வேலைக்குச் சேர்ந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தது. அக்கா கல்யாணம் வைகாசியில் என்று முடிவாகி, தை மாதத்தில் அப்பா ஒரு ஏக்கர் இருபது சென்ட்டை விற்றார். பேசிய விலை பதினான்கு லட்சம். வாங்கியவர் எங்களுக்குத் தெரிந்தவர்தான், அப்பாவை அண்ணே அண்ணே என்று கூப்பிடுவார். கையில் ஆறு லட்சம் கொடுத்தார். மீதி எட்டு லட்சம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டிரண்டு லட்சமாக, நாலு தவணை. "பத்திரம் என் பேர்ல இருந்தாத்தான் அண்ணே பேங்க்ல லோன் கேக்க முடியும், லோன் வந்தா ஒரே தவணையிலயே குடுத்துடறேன்" என்றார். அப்பாவும் சரி என்றார். முத்திரைக் கட்டணம் குறையட்டும் என்று பத்திரத்தில் ஐந்து லட்சம் என்று எழுதினார்கள். ஐந்து லட்சமும் பெற்றுக்கொண்டதாக அப்பா கையெழுத்துப் போட்டார். எட்டு லட்சம் பாக்கிக்கு அத்தாட்சி என் பழைய நோட்டிலிருந்து கிழித்த அரைத் தாள். அதில் "மீதி எட்டு லட்சம் தருகிறேன்" என்று ஒரு வரி, ஒரு கையெழுத்து. எந்த நிலத்துக்கு, என்றைக்குள், சாட்சி யார், எதுவும் இல்லை.

நான் அன்றைக்கு லீவு போட்டு வந்திருந்தேன். கான்கிரீட்டுக்கு எவ்வளவு கம்பி என்று கணக்குப் போடத் தெரிந்த நான், அந்தப் பத்திரத்தை ஒரு முறை வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. "எப்பா, எழுதி வாங்கிக்கிட்டா நல்லதுல்ல?" என்று மட்டும் கேட்டேன். "மனுசன் மூஞ்சியப் பார்த்துப் பேசுறப்ப காகிதம் எதுக்குடா?" என்றார் அப்பா.

இரண்டு தவணை சரியாக வந்தது. 2013 தைக்குப் பிறகு வரவில்லை. கேட்டால் அடுத்த மாசம், அறுப்பு முடியட்டும், பையனுக்கு ஃபீஸ் கட்டியாச்சு என்று ஏதாவது ஒரு பதில். 2014ல் அந்த நிலத்தை அவர் வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். வாங்கிய புது ஆள் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்திருக்கிறார், சுத்தமாக இருந்திருக்கிறது, முழு விலை கொடுத்து வாங்கியிருக்கிறார். அவர் மேல் குற்றமே கிடையாது. "கேஸு கீஸுனு போனா ஊர்ல என்ன பேசுவாங்க" என்று அப்பா தள்ளிக்கொண்டே வந்து, நாங்கள் வக்கீலிடம் போனது 2017 ஆடியில்.

வக்கீல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "ஐயா, நீங்க கையெழுத்துப் போட்டது கிரையம் மட்டும் இல்ல, ரசீதும் சேர்த்துதான். நிலத்து மேல போகலாம்னா, பாக்கி இருக்குன்னு தெரியாம காசு குடுத்து வாங்குனவர் கையில இருக்கு. ஆள் மேல போகலாம்னா, கடைசித் தவணை 2014 தையில வந்திருக்கணும், அதுக்கும் மூணு வருஷம் தாண்டிப்போச்சு." திரும்பி பஸ்ஸில் வரும்போது அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு லட்சம் போயிற்று. அக்காவுக்குப் போடுவதாகச் சொல்லியிருந்த நகையில் பாக்கியை நானும் அம்மாவும் நாலு வருடம் சேர்த்துப் போட்டோம். அதுவரை அக்கா அந்த வீட்டில் என்னென்ன கேட்டிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. அவள் சொன்னதில்லை.

இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. எங்கே தவறினோம் என்று பிறகு உட்கார்ந்து படித்தேன், தெரிந்தவர்களைக் கேட்டேன். அந்தப் பாடத்தை வரிசையாகச் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் விவகாரத்துக்கு உங்கள் வக்கீலைப் பாருங்கள். ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்றாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

முதலாவது: கிரையப் பத்திரம் கடைசியில்தான்.

நாம் வேலையில் என்ன செய்கிறோம்? அளவுப் புத்தகத்தில் ஏற்றி, முடிந்த வேலைக்குப் பகுதி பில் கொடுக்கிறோம். கொஞ்சம் பணத்தைப் பிடித்து வைக்கிறோம். முழு வேலையும் முடியாமல் நிறைவுச் சான்று கொடுப்போமா? மாட்டோம். நிலத்தில் கிரையப் பத்திரம்தான் நிறைவுச் சான்று. தவணை ஓடும் காலத்தில் இருக்க வேண்டியது விற்பனை ஒப்பந்தம், அதாவது அக்ரிமெண்ட். 1882ம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 54வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: விற்பனை ஒப்பந்தம் மட்டும் வாங்குபவருக்குச் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது. பத்திரம் பதிவாகும்வரை நிலம் உங்களுடையதுதான்.

பத்திரம் பதிவான பிறகு என்ன ஆகும் என்பதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. குஜராத்தில் சூரத் பக்கம் ஒரு குடும்பம் 2009 ஜூலையில் விவசாய நிலத்தை 1 கோடியே 74 லட்சத்து 2 ஆயிரம் ரூபாய்க்கு விற்றது. விலை 36 காசோலைகளாகக் கொடுக்கப்பட்டதாகப் பத்திரத்தில் எழுதியிருந்தது. தங்களுக்கு வந்து சேர்ந்தது வெறும் 40 ஆயிரம்தான் என்று விற்றவர்கள் 2014 டிசம்பரில் வழக்குப் போட்டார்கள். அதற்குள் வாங்கியவர் 2013லேயே நிலத்தை வேறு ஆட்களுக்கு விற்றுவிட்டார். 2020 ஜூலை 9ம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. விலை முழுதாக வரவில்லை என்பதே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், பதிவான கிரையத்தை அதற்காக ரத்து செய்ய முடியாது. பாக்கிப் பணத்துக்கு வேண்டுமானால் வழி தேடலாம். அதோடு மூன்று வருடக் காலவரம்பும் கடந்துவிட்டது. வழக்கு சாட்சி விசாரணைக்கே போகாமல் வாசலிலேயே நின்றுபோனது. அதைப் படித்தபோது எங்கள் அரைத் தாள்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

இரண்டாவது: ஒப்பந்தத்தில் தேதி.

நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று. சென்னையை ஒட்டிய செட்டியார் அகரத்தில் சுமார் 25 ஏக்கர் நிலம். 1981 ஜனவரியில் ஒப்பந்தம், விலை 3 லட்சத்து 75 ஆயிரம். முன்பணம் ஒரு லட்சம், மீதி மூன்று தவணை. பிப்ரவரி 28க்குள் ஒரு லட்சம், ஏப்ரல் 6க்குள் 75 ஆயிரம், மே 30க்குள் ஒரு லட்சம் என்று தேதி போட்டு எழுதியிருந்தார்கள். ஏப்ரல் தவணை வரவில்லை. விற்பவர்கள் ஒப்பந்தத்தை ரத்து செய்தார்கள். வாங்கியவர் வழக்குப் போட்டார். அது முடிந்தது 2011 ஜூலையில், உச்ச நீதிமன்றத்தில். முப்பது வருடம்! நில விற்பனையில் பொதுவாகக் காலக்கெடுவைக் கறாராகப் பார்ப்பதில்லை. ஆனால் இந்த ஒப்பந்தத்தில் பணம் கட்டும் தேதிகள் முக்கிய நிபந்தனையாகவே எழுதப்பட்டிருந்தன, ஆகவே ரத்து செய்தது சரி என்று நீதிமன்றம் சொன்னது. நில விலை பெரிதாக ஏறாத காலத்தில் உண்டான பழைய கொள்கையை, விலை தாவி ஏறும் இந்தக் காலத்துக்கு அப்படியே பொருத்த முடியாது என்றும் சொன்னது.

ஆகவே ஒப்பந்தத்தில் 'கூடிய விரைவில்', 'ஆறு மாத அளவில்' என்றெல்லாம் எழுதக் கூடாது. தேதி, தொகை, எந்த வங்கிக் கணக்கு என்று எழுத வேண்டும். "பணம் செலுத்தும் கெடு இந்த ஒப்பந்தத்தின் முக்கிய நிபந்தனை" என்று வெளிப்படையாக எழுத வேண்டும். தவறினால் எத்தனை நாள் நோட்டீஸ், அதற்குப் பிறகு என்ன, முன்பணத்தில் எவ்வளவு போகும், எவ்வளவு திருப்பித் தரப்படும் என்றும் எழுத வேண்டும். வந்த பணம் பூராவும் எனக்கே என்று பேராசையாக எழுதினால் நீதிமன்றம் ஒப்பாது. அச்சாரத் தொகையை நியாயமான அளவில் தனியாகக் குறித்து, தவறினால் அது போகும் என்று எழுதுவது நிற்கும்.

தவணை தவறும்போது இரக்கப்பட்டு நாள் கொடுக்கலாம், தப்பில்லை. ஆனால் எழுதிக் கொடுங்கள். "இந்தத் தவணைக்கு மட்டும் இந்தத் தேதி வரை, மற்ற நிபந்தனைகள் மாறவில்லை" என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நாலு முறை தாமதமாக வந்ததைப் பேசாமல் வாங்கிக்கொண்டு, ஐந்தாவது முறை கெடு தவறிவிட்டது என்று சொன்னால் எடுபடாது.

மூன்றாவது: பதிவு.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். சிலர், "பதியாம வச்சிருந்தா நமக்குப் பாதுகாப்பு, அவனால ஒண்ணும் செய்ய முடியாது" என்பார்கள். அதுவும் தவறு. பதியாத ஒப்பந்தமானாலும், கிரையம் செய்து தரச் சொல்லிப் போடும் வழக்கில் அதைச் சாட்சியமாகக் காட்டலாம் என்று 2023 ஏப்ரலில் நம் மாநில வழக்கு ஒன்றிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிந்தால் வில்லங்கச் சான்றில் ஏறும், இரண்டு பக்கமும் ஒழுங்காக இருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒப்பந்தம் உங்களையும் கட்டும். நடுவில் விலை ஏறிவிட்டது என்று நீங்கள் பின்வாங்க முடியாது. 2018 திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்தப்படி கிரையம் செய்து கொடு என்று உத்தரவிடுவதில் நீதிமன்றத்துக்கு முன்பிருந்த விருப்புரிமை வெகுவாகக் குறைந்துவிட்டது.

நான்காவது: மூன்று பொருளைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்.

ஒன்று சுவாதீனம். பதிவான ஒப்பந்தத்தின் பேரில் நிலத்தில் இறங்கிவிட்டவரை, அவர் தன் பங்கைச் செய்யத் தயாராக இருக்கும்வரை, சொத்து மாற்றுச் சட்டத்தின் 53ஏ பிரிவு காப்பாற்றும். வேலி போட்டு, போர் போட்டு, ஷெட் கட்டியவரை எழுப்புவது லேசுப்பட்ட காரியமா? இரண்டு மூலப் பத்திரம். நகல் கொடுங்கள், அசல் உங்கள் பெட்டியில் இருக்கட்டும். மூன்று பவர். "எனக்கு ஒரு பவர் எழுதிக் குடுங்க, நானே பார்ட்டி பார்த்து வித்து உங்க பாக்கியைத் தர்றேன்" என்பார்கள். பவர் கொடுத்தால் உங்கள் பெயரிலேயே அவர் விற்றுவிடலாம். பவரும் உயிலும் ஒப்பந்தமும் சேர்ந்தாலும் கிரையம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் சூரஜ் லாம்ப் வழக்கில் சொல்லியிருக்கிறது. அதனால் இதில் வாங்குபவருக்கும் நிம்மதி கிடையாது.

ஐந்தாவது: பத்திரத்தை முதலில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால்?

சில சமயம் வேறு வழி இருக்காது. வாங்குபவர் வங்கிக் கடன் எடுக்கிறார் என்றால், பதிவு நாளன்று வங்கியின் காசோலை நேராக உங்கள் பெயருக்கு வரட்டும். முடிந்தால் அன்றோடு கணக்கு முடியட்டும். வங்கி இல்லாத இடத்தில், பத்திரத்தில் உண்மையை எழுதுங்கள். மொத்த விலை இவ்வளவு, இன்று பெற்றது இவ்வளவு, பாக்கி இவ்வளவு, இன்ன தேதிக்குள், அதுவரை பாக்கித் தொகைக்கு இந்தச் சொத்தே பொறுப்பு. 55வது பிரிவு, விலை பாக்கி உள்ள விற்பவருக்குச் சொத்தின் மேல் ஒரு பற்றுரிமையைத் தானாகவே தருகிறது. ஆனால் பாக்கி இருப்பது தெரியாமல் விலை கொடுத்து வாங்கிய மூன்றாம் ஆளை அது கட்டாது. எங்கள் வீட்டுக் கதை அதுதான். பத்திரத்திலேயே எழுதியிருந்தால், "எனக்குத் தெரியாது" என்று எவரும் சொல்ல முடியாது.

இன்னும் உறுதி வேண்டுமானால், கிரையம் பதிகிற அதே நாளில் வாங்கியவர் அதே நிலத்தை உங்களுக்கு அடமானம் எழுதிப் பதிந்து கொடுக்கட்டும். அது வில்லங்கச் சான்றில் தனியாக ஏறும். வெறும் பணப் பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான், சொத்தின் மேல் பொறுப்பு இருக்கும் பணத்துக்குப் பன்னிரண்டு வருடம். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள். தவணை தவறினால் நீங்களாகப் போய் வேலியைப் பிடுங்க முடியாது. வங்கிகளுக்கு இருக்கும் 2002ம் ஆண்டு சர்ஃபாசி சட்டம் தனி மனிதருக்கு இல்லை. நீதிமன்றம் போய்த்தான் விற்று வசூலிக்க வேண்டும்.

மூன்றாவது வழியும் உண்டு. பெரிய நிலமாக இருந்தால், வந்த பணத்துக்குத் தக்கபடி பகுதி பகுதியாகக் கிரையம் கொடுப்பது. ரோட்டு முகப்பைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அதை முதலில் கொடுத்துவிட்டால் பின்னால் இருப்பதற்குப் பாதையும் இருக்காது, விலையும் இருக்காது. ஆனால் அனுமதி இல்லாமல் வீட்டு மனையாகத் துண்டு போடக் கூடாது, பதிவும் ஆகாது.

ஆறாவது: பணம் வரும் வழி.

உண்மை விலையை எழுதுங்கள். ஐந்து லட்சம் என்று எழுதிவிட்டு, பதினான்கு லட்சம் பேசினேன் என்று எந்த முகத்தோடு நீதிமன்றத்தில் நிற்பது? முத்திரைக் கட்டணத்தில் மிச்சம் பிடித்தது வாங்கியவர், மாட்டிக்கொண்டது நாங்கள். நிலம் விற்கும் பணத்தை 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் முதல் தடுத்திருக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்குத் தண்டம். இரு தரப்பும் விவசாய வருமானம் உள்ளவர்களாக இருந்து, இருவருக்குமே வரி கட்டும் அளவு வேறு வருமானம் இல்லை என்றால் மட்டும் விலக்கு. எப்படியானாலும் வங்கி வழியாக வந்த பணத்துக்கு வங்கியே சாட்சி.

தவணைக்கு முன்தேதியிட்ட காசோலை வாங்கினால், தேதி வந்த மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். பணமில்லை என்று திரும்பினால், தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ், அவருக்கு 15 நாள் அவகாசம், அதற்கு மேல் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். இந்தக் கணக்கில் நாள் தவறவிட்டால் காசோலை வெறும் காகிதம்.

வரியையும் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள். கிராமத்து விவசாய நிலத்துக்குப் பெரும்பாலும் மூலதன ஆதாய வரி வராது. மனைக்கும் வீட்டுக்கும் வரும். பணம் தவணையில் வருகிறது என்பதற்காக வரி தவணையில் வராது. சொத்து கைமாறிய வருடத்துக்கே முழுக் கணக்கும் கேட்பார்கள்.

ஏழாவது, கடைசி: நாமும் சாகிறவர்கள்தான்.

தவணை மூன்று வருடம் ஓடும். அதற்குள் விற்றவரோ வாங்கியவரோ காலமாகலாம். வாரிசுகளையும் இது கட்டும் என்று எழுதுங்கள். அசல் ஒப்பந்தம் எங்கே இருக்கிறது, எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்று வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்திருக்கட்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

இவ்வளவும் சொன்னதும், "அப்ப தவணைக்கே விக்கக் கூடாதா?" என்று ஒரு நண்பர் டீ குடிக்கும்போது கேட்டார். எங்கள் வீட்டிலேயே இந்தக் கேள்வி வந்தது.

2021ல் அம்மாவின் வைத்தியச் செலவுக்காக மீதி இருந்த எண்பது சென்ட்டையும் விற்க வேண்டி வந்தது. முழுப் பணம் கொடுப்பதாக வெளியூர் ஆள் ஒருவர் கேட்டார், கொஞ்சம் குறைந்த விலைக்கு. எங்கள் ஊரிலேயே டிராக்டர் ஓட்டும் ஒரு தம்பி ஒன்பது லட்சத்துக்குக் கேட்டார், ஆனால் கையில் மூன்று லட்சம்தான். நான் வெளியூர் ஆளுக்கே கொடுத்துவிடலாம் என்றேன். ஒருமுறை பட்டது போதாதா? அப்பா கேட்டார்: "பணம் இருக்கிறவன்தான் நிலம் வாங்கணுமா? அவன் அப்பன் நம்ம காட்டுல ஏர் ஓட்டுனவன்டா. அவனுக்கு எந்த பேங்க்ல குடுப்பான்?" கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "நீ படிச்சிருக்கேல்ல, இந்தத் தடவ நல்லா எழுதிக்க."

அதனால் எழுதினோம். ஆறு லட்சம், ஆறு மாதத்துக்கு ஒன்றரை லட்சமாக நாலு தவணை. தேதியோடு ஒப்பந்தம், பதிவு, எல்லாம் வங்கி வழியாக. வட்டி கேட்கவில்லை. வக்கீல் சொன்ன எல்லா நிபந்தனைகளையும் அந்தத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கோபித்துக்கொள்வாரோ என்று பயந்தேன். அவர், "நல்லதுதாண்ணே, நாளைக்கு நீங்க ஏதாவது ஆயி உங்க புள்ளைங்க வந்து எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாதுல்ல" என்றார். அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. காகிதம் விற்கிறவனுக்கு மட்டும் காவல் என்று நினைத்திருந்தேன். இல்லை, முன்பணம் கொடுத்தவனுக்கும் அதுதான் காவல். ஒப்பந்தப்படி கொடுத்த பணத்துக்குச் சொத்தின் மேல் வாங்குபவருக்கும் பற்றுரிமை உண்டு என்று அதே 55வது பிரிவு சொல்கிறது.

கொரோனாவில் வேலை இல்லாமல் முதல் தவணை தவறியது. இரண்டு மாதம் நீட்டிப்பு எழுதினோம், இருவரும் கையெழுத்துப் போட்டோம். அதற்குப் பிறகு ஒரு தவணையும் தவறவில்லை. 2023ல் கடைசிப் பணம் கணக்கில் ஏறிய பிறகு கிரையப் பத்திரம் எழுதினோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போடும் முன்னால் அப்பா என்னிடம் பத்திரத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். கிரையத் தொகை முழுவதையும் பெற்றுக்கொண்டபடியால் என்ற வரி வந்ததும், "அத இன்னொரு தடவ படி" என்றார். படித்தேன். தலையை ஆட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து அந்தத் தம்பி எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். இன்றைக்கும் அந்தக் காட்டில் விளைந்த கடலையில் ஒரு படி எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்.

முதல் தடவை எழுதாததால் ஒரு உறவும் போயிற்று, பணமும் போயிற்று. அண்ணே என்று கூப்பிட்டவரும் அப்பாவும் பங்குனித் திருவிழாவில் முத்துமாரியம்மன் கோயில் வாசலில் எதிரெதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். இரண்டாவது தடவை எழுதியதால் பணமும் வந்தது, மனுசனும் மிஞ்சினான். எழுதிக் கேட்பது அவநம்பிக்கை என்று நம் ஊரில் நினைக்கிறோம். அது அப்படியில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது.

இந்நாள் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போனதும், உங்கள் வீட்டு நிலத்தின் பத்திரத்தை ஒரு தடவை எடுத்து வாசியுங்கள். புல எண் என்ன, பட்டா யார் பெயரில், எங்கேயாவது பாக்கி பற்றி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். அப்பா கையெழுத்துப் போடும் நாளில் பக்கத்தில் நின்று, வாசித்துவிட்டுக் கொடுங்கள். நான் 2012ல் செய்யாமல் விட்டது அதைத்தான்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.